வாலாஜாபாத் சாலையில் நான் விழுந்த வாரம்

இந்த மாசி மாதத்தில் வாலாஜாபாத் சாலையில் எனக்கு ஒன்பது முறை மாரடைப்பு வந்தது. மூன்றே முறைதான் என்பாள் என் மனைவி கமலாட்சி. குழம்புக்குப் புளி கரைப்பதிலிருந்து புருஷனின் மாரடைப்பு வரை எல்லாவற்றையும் குறைத்தே அளக்கிற கை அவளுக்கு.

நான் வீரபாகு. காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் விசில் ஊதினால் பாலாற்றுக் கொக்கெல்லாம் எழுந்து பறக்கும். 'ரைட்' என்று ஒரு குரல் கொடுத்தால் எதிரே நிற்கிற லாரியும் சேர்ந்து கிளம்பிவிடும். அப்படிப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். கமலாட்சிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்தச் சாலையில், பழைய சீவரத்துக்குப் பக்கத்தில், திருமுக்கூடல் பாலத்துக்குத் திரும்புகிற முனையில் கலையரசியின் இட்லிக் கடை இருக்கிறது. அவள் இட்லியைப் பஞ்சு என்பவர்கள் அதை அவமானப்படுத்துகிறார்கள். ஆற்றுக்காற்று பலமாக அடிக்கிற நாளில் அதை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இன்னொரு கையால் சாப்பிட வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க அங்கேதான் எனக்குக் காலைப் பலகாரம். அவள் என்னை மாமா என்பாள்; அவள் கணவன் ராமராஜனும் அப்படியே.

போன பொங்கலுக்கு அடுத்து வந்த பார்வேட்டை நாளில்தான் ராமராஜனுக்கு நெஞ்சு வலித்தது. வரதர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போகிற நாள் அது. சாமி எந்தச் சாலையில் வருகிறாரோ அதே சாலையில்தான் ஆம்புலன்ஸும் வர வேண்டும். சாமியை முந்திக்கொண்டு போக யாருக்குத் தைரியம் வரும்? ஆம்புலன்ஸ் குடைக்கும் தீவட்டிக்கும் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்க, ராமராஜனை வைக்கோல் லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். "அடுத்த தடவை இவ்வளவு நேரம் தாங்காது. கனமாக எதையும் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து கலையரசி சரியாகத் தூங்கவில்லை. ராமராஜன் இருமினால் எழுந்து உட்காருவாள். இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று எழுப்பிப் பார்ப்பாள்.

இந்த நிலையில்தான் அந்தச் சாலைக்குப் புதிதாக ஓர் ஆம்புலன்ஸ் தரப்போகிறார்கள் என்றும், அதை எங்கே நிறுத்தினால் நல்லது என்று பார்க்க ஒருவர் வந்திருக்கிறார் என்றும் செய்தி வந்தது. வந்தவர் விக்னேஷ் என்ற இளம் இன்ஜினியர். கலையரசியின் கடையில் இட்லியை ஒரு பக்கமும் கம்ப்யூட்டரை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் விஷயத்தை விளக்கினார். விபத்து, நெஞ்சுவலி, பிரசவம் எல்லாவற்றையும் கணக்குப் போட்டதில் இரண்டு இடங்கள் தேறியிருக்கின்றன. ஒன்று இந்தத் திருப்பம். இன்னொன்று செங்கல்பட்டுப் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு முனை. வண்டி ஒன்றுதான். இரண்டு இடத்திலும் ஒரு வாரம் சோதனை நடக்கும். ஓர் ஆள் நோயாளிபோலச் சாலையோரம் விழ வேண்டும். விக்னேஷ் மறைவில் இருந்து போன் செய்வார். வண்டி வந்து அந்த ஆளை ஏற்ற வேண்டும். எந்த இடத்திலிருந்து வண்டி சீக்கிரம் வந்து ஏற்றுகிறதோ அந்த இடத்துக்கு வண்டி.

"சோதனைன்னு பப்ளிக்குக்குத் தெரியவே கூடாது சார். தெரிஞ்சா எல்லாரும் வழி விட்டுடுவாங்க. ரிசல்ட் பொய்யாயிடும்" என்றார்.

"அப்ப உண்மையான பேஷண்ட் யாராவது கூப்ட்டா?" என்றாள் கலையரசி.

"அதுக்கு வழக்கமான வண்டிங்க இருக்குதும்மா. இது இன்னும் ஓட்டத்துக்கு விடாத புது வண்டி. இந்தப் பக்கம் விழறதுக்குத்தான் ஆள் கிடைக்கல."

கலையரசி என்னைப் பார்த்தாள். நான் அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலிருந்து சரிந்திருந்தேன். விக்னேஷ் பதறி எழுந்ததில் சாம்பார் கொட்டியது. அதைவிட நல்ல தேர்வு எந்த நடிகனுக்கும் நடந்திருக்காது.

விஷயம் எங்கள் நாலு பேருக்குள், அதாவது விக்னேஷ், கலையரசி, நான், கமலாட்சி ஆகியோருக்குள், இருக்க வேண்டும் என்று முடிவானது. நெஞ்சுவலிக்காரனுக்கு எதற்கு நெஞ்சுவலி நாடகம் என்று ராமராஜனிடம்கூட மூச்சு விடவில்லை.

முதல் நாள் வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம், ஒரு புளியமரத்தடியில் விழுந்தேன். அடடா, என்ன விழுகை! இலைகூடச் சத்தம் போடாமல் உதிர்ந்தது. கண்ணை மூடி 'ஐயோ' என்று வாயைத் திறந்தேன். 'யோ' வருவதற்குள் ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். "வலிப்பு இல்லைய்யா, இது நெஞ்சு" என்று இன்னொருவர் அதைப் பிடுங்கி, வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தார். ஓர் அம்மாள் குடத்தோடு தண்ணீரைக் கவிழ்த்தாள். வாலாஜாபாத் ஆஸ்பத்திரியா, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியா என்று இரண்டு கட்சி பிரிந்து என் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றும் நின்று சண்டை போட்டன.

சண்டை முடிவதற்குள் ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி என்னைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். முதுகுக்கு அடியில் மெத்தென்று இருந்தது. பட்டுப் பாவு. புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற நூலைச் சுருட்டிக் கட்டிப் பெரிய காஞ்சிபுரத்தில் தறி ஏற்றக் கொண்டுபோகிறார்கள். பாவுக்குச் சொந்தக்காரரான நெசவாளி கலியாணசுந்தரம் பக்கத்தில் உட்கார்ந்து என் நெஞ்சை நீவிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவர் கை நின்றுவிட்டது.

"பெரியவரே, காது கேக்குதா?" என்றார் என் காதோரம். "நீங்க படுத்துக்கினு இருக்கறது முகூர்த்தப் பொடவைப் பாவு. பொண்ணு வீட்டுக்காரங்க நாள் பார்த்துக் குடுத்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உசுரக் கெட்டியாப் புடிச்சிக்குங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

நான் கண்ணைத் திறந்து, "எனக்குச் சரியாப் போச்சுப்பா. எறக்கி வுட்டுடு" என்றேன்.

"ஐயையோ!" என்று அவர் டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "எங்க பெரியப்பாவும் இதே மாதிரிதான் தெளிவாப் பேசினாரு. பேசி முடிக்கல, போயிட்டாரு. அழுத்துப்பா வண்டிய!"

நான் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து ஓடிக்கொண்டிருந்தபோது, ஆம்புலன்ஸ் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஒரு நசுங்கிய வெங்காயம் இருந்தது.

அடுத்த தடவை எச்சரிக்கையாகக் கடை இல்லாத, மரம் இல்லாத, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து விழுந்தேன். பேருந்து வந்தது. அதில் கண்டக்டர் யார் என்கிறீர்கள்? நான் விசில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆனந்தகுமார்.

"டேய், நம்ம வீரபாகு அண்ணன்டா!" என்று அவன் போட்ட கூச்சலில் டிரைவர் சாலைக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டார். என்னை உள்ளே தூக்கி மூன்று பேர் சீட்டில் கிடத்தினார்கள். பிறகு அந்தப் பேருந்து எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. ஏற வேண்டியவர்கள் கையை ஆட்டிவிட்டு அப்படியே நின்றார்கள்.

"என் ஸ்டாப்பிங் போயிடுச்சுப்பா" என்றாள் ஒருத்தி.

"ஒரு மனுசன் ஊரு போய்ச் சேரப்போறான், உனக்கு ஸ்டாப்பிங் கேக்குதா?" என்றான் ஆனந்தகுமார். உடனே அவளும் மனம் இளகி, தன் கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தை என் உச்சந்தலையில் தேய்க்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி போகும்வரை அவள் நிறுத்தவே இல்லை. அந்த இடத்தில் இன்றுவரை எனக்கு முடி வளரவில்லை. அதற்கு முன்னாலும் இல்லை என்பாள் கமலாட்சி.

ஊருக்குள் செய்தி பரவியது. வீட்டுக்கு வந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்கினால் ஏகாம்பரநாதர் கோபுரத்தை எட்டிப் பார்க்கலாம். ஓய்வூதியர் சங்கத்தில் எனக்குப் பதிலாகச் செயலாளர் யார் என்ற பேச்சு, பாவம், என் அறைக்கு வெளியிலேயே ரகசியமாக நடந்தது. கமலாட்சி வருகிறவர்களிடமெல்லாம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லி, வாழைப்பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள்.

விக்னேஷ் கடைக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"இந்தப் பக்கம் உருப்படியா ஒரு சோதனைகூட முடியல சார். வண்டி ரெண்டு தடவையும் நல்லாத்தான் வந்துச்சு. பேஷண்ட் இல்லையே. பேஷண்ட் இல்லாத இடத்துக்கு வண்டி எதுக்குன்னு கம்ப்யூட்டர் கேக்குது."

"அந்தப் பக்கம்?" என்றேன்.

"அங்க எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் விழுந்தான். சுத்தி காம்பவுண்டு சுவருங்கதான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. வண்டி வர்ற வரைக்கும் போட்ட இடத்துலயே கிடந்தான். எல்லா ரிசல்ட்டும் அருமை." அவர் தயங்கினார். "நாளைக்குக் கடைசி நாள். நாளைக்கும் இங்க பேஷண்ட் காணாமப் போனா, வண்டி அங்க போயிடும்."

கலையரசி கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க மனுசன் மனுசனத் தொடல, அதுக்கு வண்டி. இங்க ஓடி வந்து தூக்கறாங்க, அதுக்கு வண்டி இல்ல. அப்படித்தான?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "மாமா, பார்வேட்டை வருசாவருசம் வரும். வைக்கோல் லாரி வருசாவருசம் வருமா?"

கடித்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அவள் இட்லியை நானே மிச்சம் வைத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை வீட்டில் கமலாட்சி கீரை ஆய்ந்துகொண்டே வழி சொன்னாள். "யாரும் தொடக் கூடாது. அவ்ளோதான? ஒரு காலி பாட்டில பக்கத்துல போட்டுக்கினு படுங்க. பெத்த புள்ளகூடக் கிட்ட வராது."

"கமலா! என் பேரு என்னாவறது?"

"இருக்கற பேரு என்னான்னு எனக்குத்தான தெரியும்" என்று கீரைக் கட்டை உதறினாள்.

மறுநாள் காலை. பாலத்தைத் தாண்டித் திருமுக்கூடல் கரையில், சாலையோரம், சட்டையில் புளித்த மோரைத் தெளித்துக்கொண்டு, ஆற்றோரம் பொறுக்கிய பாட்டிலைத் தலைமாட்டில் சாய்த்துப் படுத்தேன். ஆம்புலன்ஸ் எதிர்க்கரையில், கலையரசி கடைக்குப் பக்கத்தில் நின்றது. விக்னேஷ் ஒரு மரத்துக்குப் பின்னால், காருக்குள். "எப்ப போன் பண்ணுவேன்னு சொல்லமாட்டேன் சார். அப்பதான் அது நேர்மையான சோதனை" என்று போயிருந்தார். அவருடைய நேர்மையில் என் முதுகு வெந்தது. அன்றைய வெயிலில் கலையரசி அடுப்பில்லாமலே இட்லி அவித்திருக்கலாம்.

கமலாட்சி சொன்னது பலித்தது. வந்தவர்கள் எல்லாம் அரை வட்டம் போட்டு விலகிப் போனார்கள். அன்று என்மேல் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டிய உலகம் இன்று மூக்கைப் பொத்திக்கொண்டது.

"பார்த்தா பெரிய மனுசனாட்டம் இருக்கறாரு. காலையிலியே ஆரம்பிச்சிட்டாரே" என்றாள் ஒரு பெண்.

"அன்னிக்கு நெஞ்சுவலின்னு பஸ்ஸில தூக்கிக்கினு போனாங்களே, இவருதான். எந்த நெஞ்சுவலின்னு இப்ப தெரியுது!" என்றது ஆனந்தகுமாரின் பேருந்தில் நிறுத்தத்தைத் தவறவிட்ட குரல்.

ஒரே ஓர் ஆள் மட்டும் அன்போடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகப் பாட்டிலை எடுத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், கவிழ்த்துப் பார்த்தான். "ஒரு சொட்டு வெச்சியா நீ?" என்று என் தோளில் வருத்தமாகத் தட்டிவிட்டு எழுந்து போனான். பசுபோல நல்லவன். அவனாலும் எனக்குத் தொந்தரவில்லை.

எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. வாழை இலைக் கட்டு, ஒரு நீலச் சட்டை. ராமராஜன்! கடைக்கு இலை வாங்க இந்தக் கரைக்கு வந்திருக்கிறான்.

"மாமா!" என்று குனிந்தான். "ரெண்டு வாட்டி மாரடைப்பு வந்த மனுசன் குடிக்கலாமா மாமா? எழுந்திரு. யாராவது பாக்கறதுக்குள்ள எழுந்திரு."

நான் அசையவில்லை. அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். யாரும் கைகொடுக்க வரவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, என் இரண்டு அக்குளுக்கும் கீழே கையைக் கொடுத்தான்.

எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடைத்தது. இவனை இட்லிப் பானையைக்கூடத் தூக்கவிடாமல் அவள் காவல் காக்கிறாள். நான் எழுந்து நின்றால் சோதனை போச்சு, வண்டி போச்சு. எழாவிட்டால் என்னைத் தூக்கியே இவன் போய்விடுவான். என் எடை நூற்றைம்பது கிலோ. சரி, எண்பது.

"ராமராஜா, விடுடா. நான் குடிக்கல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"எல்லாக் குடிகாரனும் அதத்தான் சொல்றான் மாமா" என்று மூச்சு வாங்கத் தம் பிடித்தான். நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது.

வேறு வழி தெரியவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். என் வயிற்றின்மேல் மெத்தென்று விழுந்து, உருண்டு, பக்கத்தில் மல்லாந்தான். எழப் பார்த்தவனைக் கையைக் குறுக்கே போட்டு அமுக்கினேன்.

"அசையாதடா. மூச்ச மெதுவா வுடு. இது நாடகம். உன் பொண்டாட்டிக்கு வண்டி வரணும்னா நீயும் படு."

"எனக்கு ஒண்ணும் புரியல மாமா."

"புரியாம படுக்கறதுதான் நெஞ்சுக்கு நல்லது. படு."

அப்படியாகத் திருமுக்கூடல் கரையில், மூன்று ஆறுகள் கூடுகிற இடத்தில், இரண்டு ஆண்களும் ஒரு பாட்டிலும் கூடிக் கிடந்தோம். போகிறவர்கள் இப்போது முழு வட்டமே போட்டு விலகினார்கள். நான் வானத்தைப் பார்த்தபடி அவனுக்கு எல்லாவற்றையும் காதோடு சொன்னேன். பார்வேட்டை, வைக்கோல் லாரி, அவள் தூங்காதது, கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி, எல்லாம்.

"இருமாத நாள்லகூட என்ன எழுப்பிடறா மாமா" என்றான் கடைசியில்.

மரத்தின் பின்னால் விக்னேஷுக்கு இது யார் புது ஆள் என்று தெரியவில்லை. ஒருவருக்கு உண்மையாகவே ஏதோ ஆகிவிட்டது என்று பதறி அப்போதே போனை எடுத்துவிட்டார். எதிர்க்கரையில் சைரன் கிளம்பியது. பாலத்தின்மேல் அந்த வெள்ளை வண்டி வந்த வேகத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சத்தம் வருவதற்கு முன்பே வண்டி வந்துவிட்டது. டிரைவர் குமரன் கீழே குதித்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எதுப்பா பேஷண்ட்டு?"

"அவன்" என்று நான் ராமராஜனைக் காட்டினேன். "அவர்" என்று ராமராஜன் என்னைக் காட்டினான்.

அதற்குள் சைரன் சத்தத்தைக் கேட்டு, யாருடைய ஸ்கூட்டரின் பின்னாலோ கலையரசி வந்து இறங்கினாள். கையில் மாவுக் கரண்டி. நான் கிடப்பது அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நீலச் சட்டை கிடப்பதைப் பார்த்தவுடன் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மண்ணில் மண்டிபோட்டு அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கறேன் கலை. மாமாதான் இழுத்துப் போட்டாரு" என்றான்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு அந்தக் கரண்டியால் என் முழங்காலில் போட்டாள் பாருங்கள் ஒன்று! அன்று எனக்கு ஏற்பட்ட ஒரே உண்மையான காயம் அதுதான்.

ராமராஜனை வண்டிக்குள் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் படபடப்பு, வேறொன்றும் இல்லை என்றார் வண்டியில் வந்த நர்ஸ். கலையரசி கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தத் திரையில் மேலும் கீழும் ஓடுகிற கோட்டையே பார்த்தாள். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அறுகிறதா என்று தறியைப் பார்க்கிறவள்கூட அப்படிப் பார்க்கமாட்டாள்.

விக்னேஷ் வியர்க்க விறுவிறுக்க வந்தார். "குமரன், பேஷண்ட் ஸ்பாட்ல இருந்தாரா?"

"ஒண்ணு சொன்னீங்க, ரெண்டு இருந்துச்சு சார்" என்றான் குமரன்.

பங்குனி பிறப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. திருப்பத்தில், கலையரசியின் கடைக்கு எதிரே கூரை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வந்த அன்று அவள் தூங்கிய தூக்கத்தில் மறுநாள் சாலை முழுக்க யாருக்கும் இட்லி இல்லை. என்னைப் பொறுத்தவரை, செங்கல்பட்டு வரைக்கும் என்னைக் குடிகாரன் என்று பேசிக்கொள்கிறார்கள். கல்யாண வீடுகளில் என் பக்கத்து இலையில் உட்காரச் சங்கடப்படுகிறார்கள். பாயசம் இரண்டு பங்காகக் கிடைக்கிறது.

ஆனால் ராமராஜன் பாடுதான் திண்டாட்டம். வண்டி யாரையாவது பிழைக்க வைக்கக் கிளம்பிப் போனால் போதும், கலையரசி கரண்டியோடு வந்துவிடுவாள். "வண்டி இல்ல. உட்காரு" என்பாள். அது திரும்பி வந்து கூரைக்கடியில் நிற்கும்வரை அவன் நாற்காலியை விட்டு எழக் கூடாது, பலமாகச் சிரிக்கக் கூடாது, கிரிக்கெட் பார்க்கக் கூடாது. நேற்று நான் போனபோதும் அப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வண்டி போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

"மாமா" என்றான், அவளுக்குக் கேட்காமல். "இங்கியே நிக்கற மாதிரி இன்னொரு வண்டி கேட்டா குடுப்பாங்களா?"

"ஏன் குடுக்கமாட்டாங்க?" என்றேன். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, வாலாஜாபாத் பக்கமாக நிழல் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தேன்.